வெண்டல் ஸ்டிக்னி ஊருக்கு மாட்டிய கதவு

மனிதகுலம் இதுவரை பெற்றெடுத்த விடுதலை வீரர்கள் அனைவரும் ஏதாவது ஒன்றை உடைத்தவர்கள். சிலர் சங்கிலியை உடைத்தார்கள். சிலர் சிறையை உடைத்தார்கள். பெல்ச்சர் ஹாலோ என்ற ஊரைச் சேர்ந்த வெண்டல் ஸ்டிக்னி, தன் வீட்டுக் குளியலறைக் கதவைக் கழற்றினார். உடைக்கவில்லை, கழற்றினார். அவர் நிதானமானவர்.

'சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துப்போ' என்று வண்டிகளின் நம்பர் பலகையிலேயே எழுதி வைத்திருக்கும் அமெரிக்க மாநிலம், பெல்ச்சர் ஹாலோ இருக்கும் நியூ ஹாம்ப்ஷயர். (அந்தப் பலகைகளை அச்சடிப்பது சிறைக் கைதிகள். அதைப் பற்றி நமக்கென்ன.) அந்த வாசகத்தின் முதல் பாதியை வெண்டல் கடைப்பிடித்தார். இரண்டாம் பாதியை அவர் வீட்டுக் குழாய்கள் கடைப்பிடித்தன.

ஏனென்றால் பழுது பார்க்க அவர் ஆள் கூப்பிடுவதில்லை. ஆள் கூப்பிடுவது அடிமைத்தனத்தின் ஆரம்பப் பாடம் என்பது அவர் கொள்கை. எல்லாவற்றையும் தாமே 'சரி' செய்தார். அடுக்களைச் சுவிட்சைத் தட்டினால் கார்க் கொட்டகையின் கதவு திறந்தது. வெந்நீர்க் குழாயைத் திருகினால் ஒரு பெருமூச்சு வந்தது. மாடிப்படிக் கைப்பிடி, தன்னைப் பிடிக்காதவர்களை மட்டும் பத்திரமாக மேலே அனுப்பியது.

"இதெல்லாம் பழுதே இல்ல, அர்லீன்," என்று மனைவியிடம் விளக்குவார். "வீடு அதோட இஷ்டத்துக்கு இருக்கு. இருந்துட்டுப் போகட்டுமே."

மிச்ச நேரத்தில் மர வாத்து செதுக்குவார். குளத்தில் மிதக்கவிட்டு நிஜ வாத்துகளை ஏமாற்ற வேட்டைக்காரர்கள் வைத்துக்கொள்ளும் வாத்து. வெண்டல் வேட்டைக்குப் போவதில்லை; அவருடைய வாத்துகள் மிதப்பதும் இல்லை. அதற்கும் மிச்சமான நேரத்தில், 'சுயாதீனன்' என்ற பெயரில் இணையத்தில் தனிமனித சுதந்திரம் பற்றி எழுதினார். 'வேகத்தடை: சர்வாதிகாரத்தின் முதல் மேடு' என்ற கட்டுரை பரவலான வரவேற்பைப் பெற்றது. வரவேற்றவர் ஒஹையோவில் இருந்தார்.

இனி, கதவு.

இலையுதிர்கால ஈரத்தில் குளியலறைக் கதவு ஊதிப்போய் சாத்த முடியாமல் ஆனது. ஓரத்தை இழைத்து மாட்டிவிடலாம் என்று வெண்டல் அதைக் கழற்றி, கார்க் கொட்டகையில் இரண்டு மரத்தாங்கிகள் மேல் படுக்க வைத்தார். படுக்க வைத்த பிறகுதான் தெரிந்தது, வாத்துகளுக்கு வண்ணம் பூச அந்த உயரம் அத்தனை தோது. அன்றிரவே எழுதினார்: 'மேசையாக மாறும் தன் உரிமையை ஒரு கதவு இன்று பயன்படுத்திக்கொண்டது.'

குளியலறை வாசலில் மீன் படம் போட்ட ஒரு திரை தொங்கியது. சட்டம் என்றாலே ஒவ்வாத அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம் பிறந்தது: உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் அறை காலி என்று பொருள். அர்லீனுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டுகளைத் தவிர வேறொன்றும் தெரியாது. தபால்காரர் பிப்ரவரி மாதம் முழுக்க வாசலில் நின்று "உங்களுக்கும் வாழ்த்துகள்மா!" என்று கத்திவிட்டுப் போனார்.

"ஈஸ்டருக்கு ஓபல் வர்றா," என்றார் அர்லீன் ஒருநாள். ஓபல் அவருடைய அக்கா. தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். யார் பாடினாலும் சுருதி பார்ப்பவர். "அதுக்குள்ள கதவு வேணும்."

"கெடு வைக்கிறியா?"

"கதவு கேக்கிறேன்."

"சுதந்திர மனுஷனுக்கு யாரும் கெடு வைக்க முடியாது, அர்லீன். நாள் குறிச்சு வேலை செய்யறவன் பேரு வேற."

"சரி, நீ சுதந்திரமா இரு. நான் ஒரு தச்சரைக் கூப்பிட்டுக்கறேன்."

"என் வீட்டுக்குள்ள இன்னொருத்தன் வந்து திருகாணி முடுக்கறதா? அதுக்குப் பேசாம ராணுவத்தையே கூப்பிடு!"

"அவங்க வந்தா மாட்டிக் குடுப்பாங்களா?" என்று கேட்டார் அர்லீன், உண்மையான ஆவலோடு.

மார்ச் மாதம் ஊர்க் கூட்டம் வந்தது. ஆண்டுக்கொரு முறை ஊரே மன்றத்தில் கூடி, பனி வாரும் வண்டியிலிருந்து கல்லறை வேலி வரை எல்லாவற்றுக்கும் அட்டையைத் தூக்கி வாக்களிக்கும். வெண்டல் எல்லாவற்றுக்கும் 'இல்லை'. அவ்வாண்டு மறைந்தவர்களுக்கு இரங்கல் தெரிவிக்கும் தீர்மானத்துக்கும் 'இல்லை'. யாரையும் கட்டாயமாக நினைவுகூரச் செய்யக் கூடாது.

மதியம், தேவாலயப் பெண்கள் கொடுத்த அவித்த அவரைக்கொட்டையும் ஆப்பிள் அப்பமும் உள்ளே போன தெம்பில், அடுத்த தீர்மானத்தை எடுத்தார்கள். மன்றத்துக் கழிப்பறையின் கதவு குளிர்காலத்தில் இற்று விழுந்துவிட்டது. புதுக் கதவு வாங்கி, ஆள் வைத்து மாட்ட வேண்டும்.

வெண்டல் எழுந்தார்.

"தலைவர் அவர்களே! கதவைச் சாத்திக்கிற உரிமைதான் மத்த எல்லா உரிமைக்கும் தாய்! கதவில்லாத மனுஷன் மனுஷனே இல்ல! ஆனா அந்தக் கதவ அரசாங்கம் மாட்டக் கூடாது. சுதந்திர மனுஷன் ஒருத்தன் தன் சொந்தக் கையால, ஒரு காலை வேளைல மாட்டிட்டுப் போயிடுவான்!"

பின்வரிசையில் அப்பத்தைக் குத்தியிருந்த ஒரு முள்கரண்டி பாதி வழியில் நின்றது. அர்லீன் எழுந்தார்.

ஊர்க் கூட்டத்தில் யாரும் யாரோடும் நேரடியாகப் பேசக் கூடாது. தலைவர் வழியாகத்தான் பேச வேண்டும். தலைவர் எல்வுட் சான்பர்ன், வெண்டலோடு ஒரே பெஞ்சில் படித்தவர். ஆனால் அன்று கழுத்தில் டை கட்டியிருந்தார்.

"தலைவர் மூலமா ஒண்ணு கேக்கணும்," என்றார் அர்லீன். "ஒரு காலை வேளை போதுமா?"

"திரு. ஸ்டிக்னி அவர்களே, திருமதி ஸ்டிக்னி கேட்கிறார்: ஒரு காலை வேளை போதுமா?"

"தலைவர் மூலமா சொல்றேன். தாராளமா."

"தலைவர் மூலமா: தாழ்ப்பாளோடயா?"

"தலைவர் மூலமா: தாழ்ப்பாளோட."

"கூட்டக் குறிப்புல ஏத்திக்கோ, ரீட்டா," என்று சொல்லிவிட்டு அர்லீன் உட்கார்ந்தார்.

ரீட்டா பெலாஞ்சே ஊர் எழுத்தர். குறிப்பில் ஏற்றிக்கொண்டு தாமே எழுந்தார். "ஒரு திருத்தம் கொண்டு வர்றேன். கதவை வெண்டல் ஸ்டிக்னியே மாட்டித் தர ஊர் அவரை அழைக்கிறது. ஈஸ்டருக்குள்ள. கட்டாயமில்ல வெண்டல், சும்மா அழைக்கிறோம்."

அட்டைகள் காடு போல எழுந்தன. "எதிர்ப்பவர்கள்?" என்று எல்வுட் கேட்டபோது, பழக்க தோஷத்தால் ஒரே ஓர் அட்டை உயர்ந்தது. தமக்கெதிராகத் தாமே வாக்களித்துத் தோற்ற முதல் விடுதலை வீரருக்கு ஊரே எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டலைத் தாங்கும் கொள்கை இன்னும் உருவாகவில்லை. வெண்டல் ஒப்புக்கொண்டார்.

சொன்ன சொல் தவறவில்லை. ஒரே காலை வேளை. மதியத்துக்கு முன் கதவு நின்றது, கீல் முனகவில்லை, தாழ்ப்பாள் வெண்ணெயில் கத்தி போல ஓடியது.

மறுநாள் நாய்க்கு உரிமம் வாங்க மன்றத்துக்குப் போன அர்லீன், அந்தக் கதவின் முன் வெகுநேரம் நின்றார். கதவின் நடுவில் பச்சைப் பூச்சுக் கறை. அதன் கீழே, ஈர வண்ணத்தோடு வாத்தை வைத்து எடுத்தால் விழும் முட்டை வடிவத் தடம். வரிசையாக ஐந்தாறு தடங்கள்.

வீட்டுக்கு வந்தார். வாத்துகள் சாப்பாட்டு மேசையில் குடியேறியிருந்தன.

"அது நம்ம கதவு, வெண்டல்."

"கண்டுபிடிச்சிட்டியா!" வெண்டல் பூரித்துப் போனார். "மன்றமும் நம்ம வீடும் ஒரே தச்சன் கட்டினது. அளவு அச்சா பொருந்திடுச்சு! ஓரத்தை ரெண்டு இழைப்பு இழைச்சேன், அவ்வளவுதான்."

"ரெண்டு இழைப்பு."

"ரெண்டே ரெண்டு."

"அஞ்சு மாசமா நான் பாடிட்டிருக்கேன்."

"அது நம்ம வீடும்மா, யாரும் கேக்க மாட்டாங்க. இது அரசாங்கம். அரசாங்கத்துக்கு நாமதான் ஒரு உதாரணமா நிக்கணும்."

அர்லீன் தட்டு வைக்க இடம் தேடி ஒரு வாத்தை நகர்த்தினார்.

அதற்குப் பிறகு வீட்டில் கிறிஸ்துமஸ் பாட்டு குறைந்தது. அர்லீன் தினமும் காலையில் துண்டு, பத்திரிகை, காபிக் குடுவை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு மன்றத்துக்குப் போகத் தொடங்கினார். மனைவிக்குப் பொது வாழ்வில் ஈடுபாடு வந்துவிட்டதென்று வெண்டல் புரிந்துகொண்டார். அரசாங்கத்தின் பக்கம் சாய்கிறாளே என்று சற்றுக் கவலைப்பட்டாலும், தடுக்கவில்லை. அவளவள் சுதந்திரம்.

ஈஸ்டருக்கு முந்தைய நாள் ஓபல் வந்து இறங்கினார். வெண்டல் பெட்டியை வாங்கிக்கொண்டு, திரையைக் காட்டி, பாட்டுச் சட்டத்தைப் பணிவாக விளக்கினார். ஓபல் திரையிலிருந்த மீன்களைப் பார்த்தார்.

"இதையா அஞ்சு மாசம் பொறுத்துக்கிட்ட?" என்று தங்கையைக் கேட்டார்.

"வண்டில ஏறுக்கா," என்றார் அர்லீன். "நம்ம கதவு வேற இடத்துல இருக்கு."

பகல் ஏறியும் இருவரும் திரும்பவில்லை. வெண்டல் தேடிப் போனார். ஊர்க் குப்பைமேட்டில் வண்டியை விட அனுமதிக்கும் வில்லைகளை வழங்கச் சனிக்கிழமையும் மன்றம் திறந்திருந்தது. கழிப்பறைக்கு எதிரே நாற்காலி போட்டு ஓபல் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"நான் முடிச்சிட்டேன்," என்றார். "அருமையான தாழ்ப்பாள்."

வெண்டல் கதவைத் தட்டினார். "அர்லீன்! உள்ளயா இருக்க?"

மறுபடியும் தட்டினார்.

"பாட்டே கேக்கலியே! பாடினாத்தானே ஆள் இருக்குன்னு தெரியும்?"

"பூட்டியிருக்குல்ல, வெண்டல்?" உள்ளேயிருந்து நிதானமாக வந்தது குரல். "அதான் அர்த்தம்."

"எப்ப வெளிய வருவ?"

"கெடு வைக்கிறியா?"

வெண்டல் ஆதரவு தேடி ரீட்டாவின் மேசைப் பக்கம் திரும்பினார். ரீட்டா வில்லைகளிலிருந்து தலை தூக்கவில்லை. "பொதுச் சொத்து வெண்டல். யார் எவ்வளவு நேரம் வேணாலும் உள்ள இருக்கலாம். உங்களுக்கு அவசரம்னா வரிசைல நில்லுங்க."

அவர் நின்றார். ஓபலுக்குப் பின்னால், கையில் தொப்பியோடு, தம் கையாலேயே இழைத்து மாட்டிய கதவின் பச்சைக் கறையைப் பார்த்தபடி நின்றார். உள்ளே பத்திரிகையின் ஒரு பக்கம் புரளும் ஓசை கேட்டது.

ஆகவே, வருங்காலச் சந்ததியே, தனிமனித சுதந்திரத்துக்கு வாழ்நாளை அர்ப்பணித்த இந்த மாமனிதரைப் பற்றி இத்துடன் தெரிந்துகொள்: ஊருக்கெல்லாம் சுதந்திரம் வேண்டுமென்று முழங்கினார், அவர் மனைவிக்கு மட்டும் அதை அரசாங்கக் கக்கூஸ் கொடுக்க வேண்டியிருந்தது.