பெருமாள் கோயிலுக்குப் போகாத ஆறு சனிக்கிழமை

ராஜபாளையம்,
புரட்டாசி 12, திங்கட்கிழமை

கூமாப்பட்டியில் மாடு கன்றோடும் மக்களோடும் சுகமாயிருக்கும் என் அன்புள்ள மதினி அய்யம்மாள் அவர்களுக்கு, உங்கள் நாத்தனார் பாண்டிசெல்வி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரர் தங்கப்பாண்டியனும் நலம். டிவி ஓடுகிற வரைக்கும் அவுக நலத்துக்கு ஒரு குறையும் வராது. நீங்களும் எங்க அண்ணனும் அதே மாதிரி இருக்கவேண்டும். எழுத்து கோழி கிண்டின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளவும், அஞ்சாம் வகுப்போடு நின்னவ எழுதுறது. போன்ல சொல்லாம ஏன் லெட்டர்னு கேப்பீக. போன்ல சொன்னா பாதியிலேயே வைய ஆரம்பிச்சிருவீக. காகிதத்தைப் பாத்து வைதா எனக்குக் கேக்காது.

விசயம் என்னன்னா மதினி, ஆறு சனிக்கிழமையா ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளைக் கும்பிடப் போறேன்னு உங்ககிட்ட சொன்னது பொய். மலைப்படி ஒண்ணுகூட ஏறல. உங்க செவலை மாடு சினை பிடிக்கணும்னு வேண்டிக்கச் சொன்னீகளே, அது பிடிச்சதுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பெருமாள் தானாப் பாத்துச் செஞ்சிருப்பாரு, இல்லன்னா டாக்டர் போட்ட ஊசி. நேர்த்திக்கடனுக்குன்னு குடுத்துவிட்ட தேங்காயெல்லாம் சட்னியாப் போச்சு. நல்ல தேங்காய்.

நான் போனது ஸ்ரீவில்லிபுத்தூர்லயே மடவார் வளாகத்துக்குப் பக்கத்துல ஒரு வீட்டு மாடிக்கு, கம்பளி பின்ன. முதல் சனிக்கிழமை நெசமாவே கோயிலுக்குத்தான் பஸ் ஏறினேன். எதிர் சீட்டுல ஒரு ஆளு, அய்யனார் சிலை கணக்கா உடம்பு, முறுக்கின மீசை, மடியில ஊதாக் கம்பளி நூலை வச்சு ரெண்டு ஊசியில பின்னிக்கிட்டு வாரார். வெளியில வெயிலு மண்டையைப் பிளக்குது. எனக்கு வாய் சும்மா இருக்குமா. "அண்ணாச்சி, வேர்க்குருவுக்குச் சட்டையா?"ன்னு கேட்டேன். அவர் தலையைத் தூக்காம, "பெரியாஸ்பத்திரியில பிறக்குற பச்சப்புள்ளைகளுக்குக் குல்லா, தாயி. செத்த நேரம் பேசாதீக, கண்ணி தப்பிரும்"னார். பேசாதேன்னா நான் விடுவேனா. பேசிக்கிட்டே போய் அவர் இறங்கின இடத்துலேயே இறங்கி, பின்னாலேயே மாடியும் ஏறிட்டேன். அவர் பேர் பெலிக்ஸ், கம்பவுண்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். வீடு ஜெயசித்ரா டீச்சரோடது. சனிக்கிழமை தவறாம ஏழெட்டுப் பேர் அங்க உக்காந்து பின்னுதாக.

உங்ககிட்ட சொல்லுறதுக்கென்ன. இருபத்தெட்டு வருசம் மில்லுல நூல் சுத்துற வைண்டிங்ல நின்னு, மிஷின் சத்தத்துக்கு மேல கத்திப் பேசியே பழகினவ நான். முடிச்சையும் மிஷினே போட்டுக்கிடும்னு வந்த பொறவு வீட்டுக்கு அனுப்பிட்டாக. வீட்டுல இவுக ஒரு நாளைக்கு மூணு வார்த்தை. சோறு, தண்ணி, தள்ளு. தள்ளுங்கிறது டிவியை மறைக்காதேன்னு. அந்த மாடியில நான் பேசினா அம்புட்டுப் பேரும் சிரிக்காக, மதினி. ஆறு வாரமா ஒருத்தர்கூட நீ என்ன ஆளுகன்னு கேக்கல. நானும் கேக்கல, நாக்கு மட்டும் அரிச்சுது. அந்த இடம் எனக்குப் போயிரக் கூடாதுன்னு இருந்தேன். இருந்தேனா, நாலாவது வாரமே அதுக்கு உலை வச்சேன்.

டீச்சரோட மக வெளிநாட்டுல இருந்து, அம்மா சால்வை பின்னிக்கிடட்டும்னு முறுக்கி மடிச்ச சிட்டம் சிட்டமா நூல் அனுப்பியிருந்தா. டீச்சர் எல்லாரையும் விட்டுட்டு என்னைக் கூப்பிட்டு, "நீங்க மில்லுல சுத்தினவங்க, இதை உருண்டையாச் சுத்திக் கொண்டுவாங்க"ன்னாக. எனக்குத் தலைகால் புரியல. வீட்டுல வந்து பிரிச்சா, நூலு நீங்க கிண்டுற கேப்பக்களி மாதிரி முழத்துக்கு ஒரு கட்டி. மில்லுல கட்டி நூலைக் கோன்ல விட்டா சூப்பர்வைசர் என்ன பேச்சுப் பேசுவான். கட்டி வந்தா பிய்க்கிறது, முடிச்சுப் போடுறது, அடுத்தது. கை தானாப் போகுது. மூணு நாள் உக்காந்து ஒண்ணு விடாம எடுத்துட்டேன். இவுககூட டிவியை விட்டுத் திரும்பி, "என்னட்டி, அரிசியில கல்லு பொறுக்குறியா?"ன்னாக. அன்னைக்கு நாலு வார்த்தை.

அடுத்த சனிக்கிழமை உருண்டைகளையும், எடுத்த கட்டியெல்லாம் ஒரு பொட்டலமாவும் டீச்சர் முன்னால வச்சு, "உங்க மகளை எவனோ நல்லா ஏமாத்தியிருக்கான் டீச்சர். அம்புட்டும் கழிசல் நூல். நான் சுத்தம் பண்ணிட்டேன்"னேன். பெலிக்ஸ் அண்ணாச்சி மீசையைக் கடிச்சாரு. டீச்சர் பொட்டலத்தைப் பிரிச்சுப் பாத்துட்டு, "பாண்டிசெல்வி, இந்தக் கட்டிதான் டிசைன். இதுக்குத்தான் விலையே"ன்னாக. பொறவு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாக. துடைச்சுக்கிட்டே இருந்தாக. நான் யார் செருப்பையோ மாட்டிக்கிட்டு இறங்கி வந்துட்டேன். அன்னைக்கு பஸ்ல இருந்து, மலை இருக்கிற பக்கமாத் திரும்பிக் கும்பிட்டேன். பெருமாளை நெசமாக் கும்பிட்டது அந்த ஒரு தடவைதான். உங்க மாட்டுக்காக இல்ல.

முந்தாநாள் போகவா வேண்டாமான்னு போய், செருப்பைத் திருப்பிக் குடுக்க வந்தவ மாதிரி வாசல்லயே நின்னேன். டீச்சர் மேல இருந்து எட்டிப் பாத்து, "ஏறி வாங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்"னாக. போனா, சால்வை அரை முழம் பின்னியாச்சு. "இதுல முடிச்செல்லாம் எங்க இருக்கு?"ன்னு கேட்டாக. வாரம் பூரா பூதக்கண்ணாடி வச்சுத் தேடியிருக்காக, ஒண்ணுகூட அகப்படல. பெலிக்ஸ் அண்ணாச்சி தடவிப் பாத்துட்டு, "ஆபரேசன் தையல்கூட இம்புட்டுச் சுத்தமா இருக்காது, தாயி"ன்னாரு. எடுத்த கட்டியெல்லாம் பச்சப்புள்ளைக குல்லா உச்சியில குஞ்சமா நிக்குது. மககிட்ட என்ன சொன்னீக டீச்சர்னு கேட்டேன். "கட்டியெல்லாம் வழியிலேயே உதிர்ந்துருச்சுன்னு சொல்லிட்டேன்"னாக. டீச்சரே இப்படின்னா நான் சொன்ன கோயில் பொய் பெரிசா, மதினி. இப்ப எல்லாரும் என்கிட்ட மில் முடிச்சு போடப் படிக்காக. பெலிக்ஸ் அண்ணாச்சிக்கு மட்டும் வரல, விரல் ஒவ்வொண்ணும் வாழைக்காய்.

ஆனா டீச்சர் ஒரு சத்தியம் வாங்கிட்டாக, இனிமே எதுல கட்டியைப் பாத்தாலும் கை வைக்கக் கூடாதுன்னு. செஞ்சு குடுத்துட்டேன். உங்ககிட்டயும் ஒண்ணு செய்யுறேன், இனிமே பொய் சொல்ல மாட்டேன். மார்கழிப் பனியில தோட்டத்துக்குப் போற எங்க அண்ணனுக்கு, நானே பின்னி முடிச்ச முதல் குல்லாவை இந்த லெட்டரோட பஸ்ல குடுத்துவிட்டிருக்கேன். பச்சைக் கலர். செவலை நல்லபடியாக் கன்னு போடவும், உங்க களி ஒரு தடவையாவது கட்டியில்லாம வரவும் இங்கிருந்தே வேண்டிக்கொண்டு முடிக்கும்,

உங்கள் நாத்தனார்
பாண்டிசெல்வி

பின்குறிப்பு: குல்லாவை மடிச்சுப் பையில வைக்கும்போது காதுகிட்ட ஒரு இடம் கட்டியா இருந்துச்சு. பிய்ச்சேன். இப்ப அது குல்லாவா இல்ல. நூலாவே குடுத்துவிட்டிருக்கேன். அண்ணன் கேட்டா பெருமாள் கோயில் கயிறுன்னு சொல்லிருங்க.