ராகுகாலத்தில் திருப்பிய கடிகாரம்

கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குப் பதற்றமே வராது என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சுத்தப் பொய். இத்தனை வருடம் ஆகியும், எதையாவது வெளியே அனுப்பும்போதெல்லாம் ஒன்றுக்கு மூன்று தடவை கடிகாரத்தைச் சரிபார்க்கிறேன். அதற்குக் காரணமான வெள்ளிக்கிழமையைப் பற்றி இதுவரை நான் எழுதியதில்லை. (வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் சும்மா இருந்தால்தானே!)

இரண்டாயிரத்துச் சொச்சம். படிப்பை முடித்துவிட்டுக் கோவில்பட்டியில் வீட்டோடு இருந்தேன். அப்பா தீப்பெட்டி ஆபீஸ் நடத்தினார். நான் வீட்டு மூலையில் உட்கார்ந்து ஓர் அசெம்பிளரைப் பராமரித்தேன். ஆள் எழுதும் கட்டளைகளைச் சிப்புக்குப் புரியும் எண்களாக மாற்றித் தரும் மென்பொருள் அது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத ஏழெட்டு நாட்டுக்காரர்கள் சேர்ந்து செய்தது. அதை ஆரம்பித்த போலந்துக்காரப் பெரியவர், என் திருத்தங்களைப் பார்த்துவிட்டு, அடுத்த பதிப்பை நீயே வெளியிடு என்று எழுதியிருந்தார். நான் தரையில் நடக்கவில்லை.

“சம்பளம் கெடையாதுன்னா பெறகு எதுக்குட்டி முதுகொடிய உக்காந்திருக்க?” என்றாள் அம்மா.

பதில் பெங்களூரிலிருந்து வந்தது. மின்சார மீட்டர் செய்யும் ஒரு கம்பெனி எங்கள் அசெம்பிளரைப் பயன்படுத்தியது. அதன் மேலாளர் போனில் பேசினார். “வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மேல எங்களால காத்திருக்க முடியாதும்மா. புதுப் பதிப்பு ஒழுங்கா ஓடிச்சுன்னா, நீங்க திங்கட்கிழமையே வந்து வேலைல சேரலாம்.”

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் கம்பிமேல் காக்கா உட்கார்ந்தால்கூடப் போய் விரட்டினேன். இணையம் அந்தக் கம்பி வழியாகத்தான் வரவேண்டும். கரிசல் வெடிப்பில் எங்கள் தெருக் கம்பம் ஏற்கெனவே சாய்ந்துதான் நின்றது.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே அனுப்புவதாகத் திட்டம். பத்து மணிக்குத்தான், எழுதியது முழுவதையும் ஓடக்கூடிய மென்பொருளாகப் புதிதாக ஆக்க முடிந்தது. எங்கள் கிழட்டு இயந்திரத்துக்கு அதற்கு இருபது நிமிடம் பிடித்தது. பரிசோதித்தால், பின்னால் தாவச் சொன்ன கட்டளை ஓர் இடம் தள்ளித் தாவியது. தவறு இருந்த வரியைக் கண்டுபிடித்தபோது மணி பத்தே முக்கால். அப்பா வந்து பின்னால் நின்றார்.

“அனுப்பிட்டியாட்டி?”

“இல்லப்பா. இன்னும் கொஞ்சந்தான்.”

“பத்தரைக்கே ராகுகாலம் பொறந்துட்டுல்லா! பன்னெண்டுக்கு மேல அனுப்பு.”

“பதினொண்ணுக்குள்ள கேக்காவப்பா. வேலை போயிரும்.”

அப்பாவுக்கும் வேர்த்தது. அவர் ஆபீஸில் ராகுகாலத்தில் லோடு கிளம்பாது. அவசரம் என்றால் நல்ல நேரத்திலேயே லாரியை கேட்டுக்கு வெளியே பத்தடி நகர்த்தி நிறுத்திவிடுவார்கள். அப்புறம் எப்போது போனாலும் அது நல்ல நேரத்தில் கிளம்பிய லோடுதான். எனக்குப் பொறி தட்டியது.

“அப்பா, இது கிளம்புத எடம் கம்ப்யூட்டர்தான? அதோட கடியாரத்த ஒம்பதே முக்காலுக்குத் திருப்பிட்டா?”

அப்பா கொஞ்சம் யோசித்தார். முகம் மலர்ந்தது. “அதுக்கு அப்ப ஒம்பதே முக்கால்தான! படிச்ச பிள்ள படிச்ச பிள்ளதாம்மா!”

(அந்தப் பாராட்டை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.)

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினேன். தவறான வரியைத் திருத்திச் சேமித்தேன். மறுபடி ஆக்கச் சொன்னேன். திருத்திய பகுதியை மட்டும் ஆக்கவே ஐந்து நிமிடமாவது பிடித்திருக்க வேண்டும்; கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. “புதிதாகச் செய்ய ஒன்றுமில்லை” என்றது திரை. அறிவுள்ளவள் சந்தேகப்பட்டிருப்பாள். நான் சாமி கும்பிட்டேன். பரிசோதனைக்கு நேரமில்லை. யாரும் போனை எடுத்து இணைப்பைத் துண்டித்துவிடாதபடி அப்பா காவல் நிற்க, பதினொன்றுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது பதிப்பு போய்ச் சேர்ந்தது. அம்மா கேசரி கிண்டினாள்.

பன்னிரண்டரைக்கு போன்.

“செண்பகம், எங்க மீட்டர் ஓயாம அணைஞ்சு அணைஞ்சு எரியுதேம்மா. பின்னால தாவுறது தப்பா இருக்கு.”

“அத நான் திருத்திட்டேன் சார்.”

“எழுதினதுல திருத்தியிருக்கீங்க. ஆக்கி அனுப்பினதுல அது இல்லையே?”

அப்போதுதான் உறைத்தது. ஆக்கித் தரும் கருவிக்குத் தெரிந்த ஒரே நியாயம் நேரம். எழுதியது புதிதா, ஆக்கியது புதிதா என்று பார்க்கும்; எழுதியது புதிதாக இருந்தால்தான் மறுபடி ஆக்கும். நான் திருத்தியது ஒன்பதே முக்காலுக்கு. பழைய தவறோடு ஆக்கியது பத்து மணிக்கு மேல். ஆக, திருத்தம்தான் பழசு என்று அது முடிவு கட்டிவிட்டது. அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

“எப்படி ஆச்சு?” என்றார். “கடிகாரம்... ராகுகாலம்...” என்று உளறினேன். “பாத்துட்டுச் சொல்றேம்மா” என்றார். கேசரியை யாரும் தொடவில்லை. திங்கட்கிழமை வந்தது. அவர் அழைப்பு வரவில்லை. நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதைவிடக் கொடுமை, உலகத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதியது. திருத்திய பதிப்போடு நடந்தது அத்தனையும் எழுதினேன். ராகுவை ஆங்கிலத்தில் விளக்க ஏழு தடவை அடித்து எழுத வேண்டியிருந்தது. என்னை நீக்கிவிடுவார்கள் என்றே நினைத்தேன். போலந்துப் பெரியவர் இரண்டே வரியில் பதில் போட்டார்: காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறவள் கையில்தான் இது இருக்க வேண்டும், நீயே வைத்துக்கொள், கூடவே அந்தக் கெட்ட நேரம் எந்தெந்தக் கிழமையில் வரும் என்று ஒரு பட்டியலும் அனுப்பு.

வேறு ஊரில் வேறு வேலை கிடைக்க ஒன்றரை வருடம் ஆனது. அசெம்பிளர் இன்னும் என் பொறுப்பில்தான் இருக்கிறது.

வீட்டில் மட்டும் எனக்கு மன்னிப்பு இல்லை. என் கல்யாணத்தில் முகூர்த்தம் நெருங்கியும் மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்துக்கு வந்து சேரவில்லை. எல்லாரும் தவித்துக்கொண்டிருந்தபோது, அன்று என் யோசனைக்குத் தலையாட்டிய அதே அப்பா மேடையில் நின்று சொந்தக்காரர்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்:

“யாரும் பதறாதிய! அவிய வந்துருவாவ. செண்பகத்தக் கடியாரத்துப் பக்கம் விடாமப் பாத்துக்கிட்டாப் போதும்!”