கனாக்கார அக்காவின் ஊஞ்சல்

கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கிற செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில், சாவியே இல்லாமல் அதிக காலம் குடியிருந்தவர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: எங்கள் ஊர்க் கனாக்கார அக்கா. ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

கீழச்சிவல்பட்டி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். ஆண்களில் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் திருப்பூரிலும் இருக்க, விதைப்பு, களையெடுப்பு, அறுப்பு எல்லாம் பெண்கள் தலையில். மதுரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நான், முதல் நாள் வயலில் இறங்கி நெல்லையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுக் களையைப் பத்திரமாக விட்டுவைத்தேன். என் மாமியார் என்னைக் கனாக்கார அக்கா பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

நகர்வதில் வேகமே தவிர, வேலைச் சுத்தத்தில் அக்கா என்னைவிடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். ஆனாலும் களையெடுப்பு என்றால் எல்லா வீட்டிலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வந்தால்தான் மற்றப் பன்னிரண்டு பேரும் வருவார்கள். அவர் ஒவ்வொரு ராத்திரியும் கனவில் ஒரே பெரிய வீட்டுக்குள் போவார். நாளுக்கு ஒரு கதவு திறக்கும்; ஏழாவது மட்டும் திறந்ததே இல்லை. காலையில் வயலில் குனிந்தபடி அதைச் சொல்லிக்கொண்டே நகர்வார்.

"நேத்து ஆறாவது கதவைத் தொறந்தேன்டி. உள்ள பாத்தா ஒரு கண்மாயி. கெண்டை மீனுக எல்லாம் தூங்கிக்கிட்டு இருந்துச்சுக. எழுப்பக் கூடாதுன்னு மெதுவா வந்துட்டேன்."

இன்னொரு நாள், முற்றத்தில் மட்டும் மழை பெய்தது, மற்ற இடமெல்லாம் நிலா வெளிச்சம் என்றார். கை ஓயாமல் களை பிடுங்கினால்தான் அவரோடு சேர்ந்து நகர முடியும். பின்தங்கினால் காதில் விழாது. அதனால் எங்கள் வயலில் பின்தங்கியவள் என்று ஒருத்தி கிடையாது. காய்ச்சலோடு வந்து கேட்டவள் உண்டு. ஒரு டம்ளருக்கு மேல் டீ கொடுக்காத என் மாமியார், டீத் தூக்கோடு வரப்பில் அரை மணி நேரம் நிற்பார்.

எந்தக் கதவில் தொடங்கினாலும் கனவு ஓர் ஊஞ்சலில்தான் முடியும். அந்த வீட்டு ஆச்சி வந்து, "வாங்க, உக்காருங்க. எந்திரிக்காதீக, காப்பி வரும்" என்பாராம்.

எங்களோடு களையெடுக்கும் பாண்டியம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். "எம்புட்டு நேரம்க்கா உக்காந்திருந்தீக?"

"விடியிற வரைக்கும்டி. ஒரு வேலையும் இல்ல. சும்மா உக்காந்திருந்தேன்."

எட்டு வயதில் வயலில் குனிந்தவர் அவர். அந்த 'சும்மா'வைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

போன வருஷம் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள்; என் சித்தி மகன் அங்கே சூப்பர்வைசர். கல்யாணம் ஒன்று வருகிறது, இரண்டு நாள் வேலைக்கு ஆள் வேண்டும் என்றான். அக்காவை அனுப்பிவைத்தேன். நிஜ வீட்டையே பார்க்கட்டுமே என்று எனக்கு ஒரே பெருமை. ஊரே பூ வைத்து, மறுவீட்டுக்கு அனுப்புவது மாதிரி அனுப்பியது.

"ஏழாவது கதவுக்கு அங்குட்டு என்ன இருக்குன்னு பாத்துட்டு வாங்கக்கா" என்றாள் பாண்டியம்மா.

மூன்றாம் நாள் வயலுக்கு வந்த அக்கா பாதி வயல் முடிந்த பிறகுதான் பேசினார்.

"பதினெட்டு ரூமு. கூட்டுனேன், கக்கூசு கழுவுனேன். ஊஞ்சல் நெசமாவே இருக்குடி. தொடச்சேன். உக்காரல."

அதோடு கதை நின்றது. ஒரு வாரம் கழித்து என்னிடம் மட்டும் சொன்னார். "கனா வராம இல்ல தாயி. உள்ள நொழஞ்சதும் கையில வெளக்குமாறு வந்துருது. ஆச்சி உக்காருங்கன்னு சொல்லுது. நான் குனிஞ்சு கூட்டிக்கிட்டே இருக்கேன்."

வயலில் ஆள் குறைந்தது, கோரை வளர்ந்தது, மாமியார் முறைத்தார். அதெல்லாம் போகட்டும். உலகத்தில் அவர் உட்கார்ந்திருந்தது ஒரே ஓர் இடம். அதை நான் பிடுங்கிவிட்டேன், நெல்லைப் பிடுங்கியது போல.

எனக்குக் கனவே வராது. படுத்தால் கட்டைதான். இருந்தும் ஒரு காலையில் துணிந்து ஆரம்பித்தேன். "அக்கா, நேத்து நான் அந்த வீட்டுக்குப் போனேன். வெளக்குமாறு எங்கிட்டதான் இருந்துச்சு. எல்லாத்தையும் நானே கூட்டிட்டேன். நீங்க ஊஞ்சல்ல இருந்தீக."

பாண்டியம்மா தலை நிமிராமலே சொன்னாள். "நானும் பாத்தேன். ஏனமெல்லாம் நான்தான் வெளக்குனேன்."

"கக்கூசு நான் கழுவிட்டேன்" என்றாள் இன்னொருத்தி. முற்றம், மாடி, கிணற்றடி என்று ஆளுக்கு ஒன்றாய் எடுத்துக்கொண்டார்கள். வயல் முடிவதற்குள் அந்த மாளிகையில் செய்வதற்கு ஒரு வேலையும் மிச்சமில்லை. கடைசியில் வரப்பிலிருந்து என் மாமியார் குரல் வந்தது. "காப்பி நான் போட்டேன். ரெண்டு டம்ளரு."

அக்கா கையிலிருந்த கோரையை வரப்பில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஒனக்குப் பொய்யும் சொல்லத் தெரியல, களையும் எடுக்கத் தெரியல." கொஞ்ச தூரம் நகர்ந்து போனபின் வரப்பில் நின்ற மாமியாரிடம் கேட்டார். "காப்பியில சீனி போட்டீகளா?"

நான்கு நாள் கழித்து ஏழாவது கதவு திறந்தது.

பிள்ளைகள் படிப்புக்காக இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். இன்றைக்கும் எனக்குக் கனவு வருவதில்லை. ஆனாலும் படுத்தவுடன் கண்ணை மூடி, அந்தப் பதினெட்டு அறையையும் ஒரு தடவை கூட்டி வைத்துவிடுகிறேன். அக்கா வருகிற நேரம்.