மூச்சர் கூப்பிட்டால் வருவார்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில், செத்துப்போன ராசாக்களைப் பட்டப்பகலில் கூப்பிட்டு முகம் பார்த்த மனிதர் ஒருவர்தான். அவருக்கு ஊர் வைத்த பெயர் மூச்சர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

இணுவிலில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்கு வியாழன்தோறும் வருவார். சட்டைப்பையில் பழங்காலச் செப்புக்காசுகள், தேய்ந்து தேய்ந்து வெறும் தகடாகிப் போனவை. யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, மேசை லைற்றைச் சரித்துவைத்து, காசின் மேல் மெல்ல மூச்சு விடுவார். ஈரம் படிந்ததும் ஒன்றுமே இல்லாத அந்தத் தகட்டில் ஒரு முகம் எழும்பி வரும். சில நேரம் ஒரு கை மட்டும் வரும். பத்து எண்ணுவதற்குள் போய்விடும். அதற்குள் நான் படம் எடுக்கவேண்டும். முதல்நாள் அதைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகும் அந்தப் பயம் முழுதாகப் போனதென்று சொல்லமாட்டேன்.

மூச்சருக்குப் பயமில்லை, மரியாதை. புதன்கிழமையே உள்ளிப்பூண்டு சாப்பிடுவதை நிறுத்திவிடுவார்.

“ராசாவுக்கு முன்னாலை உள்ளி மணக்கப்படாது தம்பி.”

ஒருநாள் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஒரு புது மாப்பிள்ளை கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டு நின்றார். திரைக்குப் பின்னாலிருந்து மூச்சரின் குரல் வந்தது.

“ஏன் ஒளிச்சுக்கொண்டு நிக்கிறியள்? வெளியிலை வாருங்கோ. ஒருத்தரும் ஒண்டும் செய்யாயினம்.”

மாப்பிள்ளை ஓடியே போனார். என் சீப்பு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

காசில் ஓட்டை போட்டவன், கீறினவன் எல்லாரும் மூச்சருக்குக் கொலைகாரர்கள். கையில் எடுத்த காசை இரண்டு பக்கமும் பாராமல் கீழே வைக்கவும் மாட்டார். ஒரு செத்தவீட்டில், அழுதுகொண்டிருந்தவரின் சங்கிலியில் தொங்கிய காசைத் திருப்பிப் பார்க்கப் போய் அடி வாங்கப் பார்த்தவர்.

அப்படியொரு வியாழனில் மயிலிட்டியிலிருந்து ஒரு பெண் வந்தார். ஐம்பது வயதிருக்கும். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை அவிழ்த்து மேசையில் வைத்தார். அதன் ஓரத்தில் ஓட்டை.

“எங்கடை அண்ணை கடலுக்குப் போய்த் திரும்பி வரேல்லை ஐயா. முப்பது வரியத்துக்கு மேலை. அரைஞாணிலை இப்பிடி ஒரு காசு கட்டியிருந்தவர். போன கிழமை பக்கத்து வீட்டாற்றை வலையிலை ஒரு முருகைக்கல் வந்தது. உது அதிலை ஒட்டிக்கொண்டு கிடந்தது.”

வலை மிதப்புகளில் அவர்கள் குடும்பம் வெட்டும் அடையாளம் ஒன்று உண்டாம். ஒரு மீன்வால், கீழே இரண்டு கோடு. தகப்பன் அதை மகனின் காசிலும் கீறிவிட்டிருந்தாராம்.

“அந்தக் குறி இருந்தால் அண்ணைக்கு அந்தியேட்டிக் கிரியை செய்து அனுப்பிவிடுவம். இல்லாட்டி அம்மா ஒவ்வொரு நாளும் அவருக்குச் சோறு போட்டு மூடி வைச்சுக்கொண்டே இருப்பா. ரெண்டுக்கும் நடுவிலை எங்களாலை இருக்கேலாது ஐயா.”

இப்போது ‘கொலைகாரர்’ என்று தொடங்கப்போகிறார் என்று நான் கமெராவுக்குப் பின்னால் பதுங்கினேன். மூச்சரோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூச்சு விட்டார். ஒன்றும் வரவில்லை. இருபது தரம் விட்டிருப்பார். இளைத்துப்போய்க் கதிரையில் சாய்ந்தார்.

“என்ரை மூச்சுக்கு ஆள் வாறாரில்லை. நீர் ஒருக்கா மூச்சு விடும் பிள்ளை.”

அந்தப் பெண் குனிந்து மூச்சு விட்டார். மீன்வால் வந்தது. பிறகு, கீழே இரண்டு கோடு.

நான் படம் எடுத்தேன். பழக்கத்தில் பத்து எண்ணினேன். போகவில்லை. முப்பது எண்ணினேன். அப்போதும் அது அங்கேயே இருந்தது. அந்தப் பெண் “சரி அண்ணை, போயிட்டு வாங்கோ” என்று மெல்லச் சொன்ன பிறகுதான் அது மங்கத் தொடங்கியது.

மூச்சர் எழுந்து, காசை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் படியிறங்கிப் போன பிறகே எனக்கு உறைத்தது. மனிதர் மறுபக்கத்தைப் பார்க்கவே இல்லை.

“எந்த ராசாவின்ரை காசண்ணை?”

“ராசாவின்ரை இல்லைத் தம்பி. அது அந்தப் பிள்ளையின்ரை தமையன்ரை காசு.”

மூச்சர் போய்ச் சேர்ந்து இரண்டு மாரிகாலம் ஆகிவிட்டது. அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. தினமும் காலையில் கமெரா லென்ஸில் மூச்சு விட்டுத் துடைப்பது என் வழக்கம். இப்போது உடனே துடைப்பதில்லை. பத்து எண்ணிவிட்டுத்தான் துடைக்கிறேன்.