போகும் திகதிப் பெட்டி

பூபாலசிங்கம் பல் துலக்கும்போதே தீர்மானித்துவிட்டான். வத்தளைச் சித்தி வருவதென்றால், போகும் நாளைச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும்.

மனைவி மேபலின் சித்தி. முழங்கால் வருத்தம். களுபோவில ஆஸ்பத்திரியில் கிளினிக் முடியும்வரை வெள்ளவத்தையில் இவர்களோடு நிற்கப்போகிறா. எத்தனை கிளினிக் என்று அந்த முழங்காலுக்கே தெரியாது. வீட்டிலோ இரண்டே அறை.

மேபலோடு கதைத்து வெல்லலாம் என்ற பேராசை கல்யாணமான மூன்றாம் நாளே அவனை விட்டுப் போய்விட்டது. ஆனால் அவன் கைத்தொலைபேசிக்கு மென்பொருள் எழுதுகிறவன். போன் எதிர்த்துக் கதைக்காது. இரண்டு நாள் இருந்து போனுக்கு ஒரு படிவம் எழுதினான். கொழும்புத் தமிழர் தங்கள் வீட்டில் நிற்பவர்களின் விபரத்தைப் பொலிசுக்குக் கொடுக்க வேண்டிய இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு அது. சாட்டுக்குப் பஞ்சமில்லை.

"இஞ்ச பாரும் மேபல், நாலு பெட்டி. பெயர், உறவு, போகும் திகதி, படுக்கும் இடம்."

"பொலிஸ் எப்ப படுக்கிற இடம் கேட்டது?"

"ஒரு ஒழுங்குக்கு."

"போற திகதி தெரியாட்டி?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தான்.

"அதுதான் விசேஷம். பெட்டிக்குள்ள ஒரு கோடு, கேர்சர், மின்னுதெல்லோ? அது வெளிய போக வெளிக்கிட்டா வாசல்ல ஆமிச் செக்பொயின்ற் மாதிரி மறிக்கும். சரியான திகதி இல்லாட்டி முன்னுக்கும் விடாது, பின்னுக்கும் விடாது."

"போனை நிப்பாட்டினா?"

"திரும்பப் போட்டாலும் அதே பெட்டியிலதான் வந்து நிக்கும். என்னை என்னெண்டு நினைச்சீர்?"

மேபல் நினைத்ததைச் சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

"கெட்டிக்காரன்தானப்பா நீங்கள்" என்றாள். படித்த ஆண்களுக்கு இந்த ஒரு வசனம் போதும். சித்தியின் விபரத்தை அடிக்கச் சொல்லிப் போனை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பாட்டோடு குளிக்கப் போனான்.

வந்து பார்த்தால், பெயர்: தனபாலசிங்கம். உறவு: கணவரின் தம்பி. போகும் திகதி: வெறும் பெட்டி. கேர்சர் மின்னிக்கொண்டிருந்தது.

கனடா விசாவுக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பதினொரு மாதமாய் இரண்டாம் அறையில் குறட்டை விடுகிற அவனுடைய சொந்தத் தம்பி! மனைவியின் சித்தி என்றால் விருந்தாளி, கணவனின் தம்பி என்றால் வீட்டு ஆள். இதை எந்தப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார்களோ தெரியாது.

"இவனை ஏன் போட்டனீர்?"

"வந்த வரிசையில போட்டனான். ஒரு ஒழுங்குக்கு."

முன்னால் அழுத்தினான். 'திகதி பிழை'. பின்னால் அழுத்தினான். 'திகதி பிழை'. பற்றரியைக் கழற்றிப் போட்டான். விசுவாசமான போன், அதே பெட்டியில் வந்து நின்றது. எட்டரைக்கு வேலையிடத்து மனேஜர் அழைப்பு எடுத்தார். போன் அலறியது. பச்சைப் பொத்தானை அழுத்தினான். 'திகதி பிழை'.

"இந்த மாதம் முப்பதெண்டு போடுங்கோவன்" என்றாள் மேபல்.

"அம்மாவுக்கு ஆர் பதில் சொல்றது? விசா எப்ப வருமெண்டு ஆருக்குத் தெரியும்?"

"சித்தின்ர முழங்காலும் அப்பிடித்தான்."

மனேஜர் இரண்டாம் முறை எடுத்தார். பூபாலசிங்கம் கண்ணை மூடிக்கொண்டு 31-12-2050 என்று அடித்தான். கேர்சர் சந்தோஷமாய் அடுத்த பெட்டிக்குத் தாவியது. படுக்கும் இடம்: இரண்டாம் அறை. முடிந்தது. மனேஜரிடம் பேச்சும் வாங்கி முடிந்தது.

"அப்ப 2050 சரியான திகதிதானே?" என்றாள் மேபல்.

"போன் ஏத்துக்கொண்டுதே!"

"உங்கட போன். உங்கட சட்டம்."

"ஓம், வேற ஆற்ற?" என்றான் பெருமையாக.

மேபல் போனை வாங்கினாள். வத்தளைச் சித்தி. 31-12-2050. படுக்கும் இடம்: பெரிய அறை, மேபலோடு.

"அப்ப நான்?"

"பொறுங்கோ, உங்களையும் போடத்தானே வேணும்." பெயரும் உறவும் அடித்துவிட்டு நிமிர்ந்தாள். "உங்களுக்குப் போற திகதி என்ன போட?"

"அதே! அதே 2050!" என்று அலறினான்.

நாலாம் பெட்டியில், படுக்கும் இடத்துக்கு, 'ஹோல் சோபா செற்றி' என்று அடித்தாள். அந்த வாசலில் செக்பொயின்ற் போட அவன் மறந்திருந்தான்.