மானியம் மாப்பிள்ளையின் மூன்று கடைகள்

கடை வைத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கடை இல்லாதவர்களையும் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத ஒரு இனம் உண்டு. கடைக்காரருக்கு அரசாங்கம் என்னென்ன தருகிறது, எதற்கு வட்டி குறைவு, எதற்கு மானியம் அதிகம், எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னல், எந்த ஜன்னலில் எந்த அம்மா சிடுசிடுக்க மாட்டார் என்று எல்லாவற்றையும் விரல் நுனியில் வைத்திருக்கும் இனம். கடைச் சாவி எங்கே என்று கேட்டால் மட்டும் வீட்டுக்காரியைப் பார்ப்பார்கள். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் திட்டப்பட்சி.

எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதில் பாதி நாள் வாத்தியார் வரவில்லை, மீதி நாள் நான் போகவில்லை. ஆனால் இந்த ஊரில் நீங்கள் எந்தத் தெருவில் நுழைந்தாலும் நான் பற்றவைத்த இரும்புக் கேட் ஒன்றாவது உங்களைத் தடுத்து நிறுத்தும். இரவல் சுத்தியலோடு ஆரம்பித்தவன். இன்று என்னிடம் சுத்தியல் இரவல் கேட்டு வருகிறார்கள், கொடுப்பதில்லை. எனவே தொழிலைப் பற்றி நான் பேசலாம். நீங்கள் கேட்கலாம்.

பட்சியை அடையாளம் காண்பது சுலபம். கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை, குளிக்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் அங்கேயே இருக்கும். சட்டைப் பையில் அவருடைய போட்டோக்கள், எப்போது யார் கேட்பார்களோ என்று தயாராக. டீக்கடையில் சில்லறைக்குப் பையில் கையை விட்டால் அவர் முகமே நாலைந்து வந்து விழும். கழுத்தில் ஏதோ ஒரு பயிற்சி முகாமில் கொடுத்த அட்டை. வாடிக்கையாளரைக் கவர்வது எப்படி என்று மூன்று நாள் வகுப்பு; அந்த மூன்று நாளும் கடை பூட்டு. கடையை நேரத்துக்குத் திறப்பதன் அவசியம் என்று இன்னொரு வகுப்பு. அன்றும் பூட்டு.

பேச்சில் இன்னும் சுலபம். நீங்கள் ஒரு திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆசையோடு வாயைத் திறந்தால், "அதைப் போன மாசமே மூடிட்டாங்க" என்பார். நீங்கள் வாயை மூடியதும், "இப்ப புதுசா ஒண்ணு வருது, வெளிய சொல்லாதீங்க" என்பார். தெரு முழுக்க அதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் உங்களிடம் வந்திருப்பார். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, கண்ணைச் சுருக்கி, அந்த மந்திரம் வரும்: "அதுல பாதி திருப்பிக் கட்டவே வேணாம்."

அந்தப் பாதிதான் ஆளைக் கெடுப்பது. மறுபாதியைக் கட்ட வேண்டுமே என்று எந்தப் பட்சியாவது கவலைப்பட்டு நீங்கள் பார்த்ததுண்டா?

ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வராதீர்கள். கடன் வாங்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. என் பட்டறைக்கு எதிரே சலவைக்கடைக்காரர் அரசாங்கக் கடனில் ஒரு பெரிய இயந்திரம் வாங்கினார், இரவு பகலாக அது ஓடுகிறது, தவணையும் தவறாமல் போகிறது. எந்தத் திட்டம் என்று கேளுங்கள், "ஏதோ நீளமான பேரு" என்று தலையைச் சொறிவார். அவர் பட்சி அல்ல. பட்சிக்குப் பெயர் முழுதாகத் தெரியும். இயந்திரம்தான் இருக்காது.

என் தங்கை வீட்டுக்காரர் பட்சிகளுக்கெல்லாம் தலைவர். ஊரே அவரை மானியம் என்று அழைக்கும். நான் மாப்பிள்ளை என்பேன், உறவு விட்டுப் போகுமா? மெத்தை, தலையணைக் கடை. என் தங்கை தைப்பாள், அவர் பஞ்சு திணிப்பார். கெட்டிக்காரத் திணிப்பு என்பதையும் சொல்ல வேண்டும்; அவர் தலையணையில் படுத்தால் மறுநாள் தேர்வு உள்ளவன்கூடக் குறட்டை விடுவான். ஆனால் திணிக்க ஆள் கடையில் இருக்க வேண்டுமே. வாடகை நின்றுபோய், மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்று கட்டடக்காரர் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் என் தங்கைக்கு ஒரு வாய்ப்பு. பக்கத்தில் புதிதாகப் பெண்கள் விடுதி ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். அதை நடத்தப்போகும் அம்மாவைப் பிடித்து, அத்தனை கட்டிலுக்கும் மெத்தை தலையணை நாங்களே தருகிறோம் என்று பேசி வைத்திருந்தாள். அந்த அம்மா, ஒரு நாள் கடைக்கு வந்து மாதிரி பார்க்கிறேன், பிடித்திருந்தால் வேலை உங்களுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அது கிடைத்தால் கடை நிற்கும். கிடைக்காவிட்டால் சாவி போகும்.

மாப்பிள்ளைக்கோ வேறு கணக்கு. மூன்று திட்டங்களுக்கு விண்ணப்பித்திருந்தார். ஒன்று, புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு. அதற்குக் கடை இன்னும் பிறந்திருக்கக் கூடாது. இன்னொன்று, நன்றாக ஓடும் தொழிலைப் பெரிதாக்க. அதற்குக் கடை கொழுகொழுவென்று இருக்க வேண்டும். மூன்றாவது, நலிந்த தொழிலுக்கு மறுவாழ்வு; அதற்குக் கடை சாகக் கிடக்க வேண்டும்.

"ஒரே கடைதானே மாப்பிள்ளை?" என்றேன்.

"கடை ஒண்ணுதான் மச்சான். கோணம் மூணு."

மூன்று அதிகாரிகளும் ஒரே நாளில் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. வேறு யாராவது என்றால் ஊரை விட்டு ஓடியிருப்பார்கள். மாப்பிள்ளை என் பட்டறை ஆட்களைக் கேட்டார். தங்கை முகத்துக்காக அழைத்துப் போனேன்.

காலையில் பிறக்காத கடை. மெத்தை, தலையணை, தையல் இயந்திரம் அத்தனையையும் பின்முற்றத்துக்குக் கடத்தினோம். முதல் அதிகாரி வந்து காலி அறையைச் சுற்றிப் பார்த்தார். என்ன தொழில் தொடங்கப் போகிறீர்கள் என்று கேட்டார். மெத்தைக் கடை, சின்ன வயதுக் கனவு என்றார் மாப்பிள்ளை. அதிகாரி அவர் காதையே உற்றுப் பார்த்தார்.

"காதுல என்ன பஞ்சு?"

"ஆர்வம் சார்."

எழுதிக்கொண்டு போனார்.

அடுத்து கொழுத்த கடை. போனதெல்லாம் திரும்பி உள்ளே வந்தது. என் ஆட்கள் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். நான் பெரிய வாடிக்கையாளர். போன தடவை வாங்கியது போலவே இந்தத் தடவையும் வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னேன், கணீரென்று சொன்னேன். இரும்பு அடிக்கும் குரல், தெருக்கோடி வரை கேட்டிருக்கும். மெத்தையின் தரம் பார்க்கப் படுத்த என் வெல்டர் நிஜமாகவே தூங்கிவிட்டான். இரண்டாவது அதிகாரி அவன் குறட்டையைச் சற்று நேரம் நின்று கேட்டுவிட்டு, சரக்கு நல்ல சரக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு சாகக் கிடக்கும் கடை. சரக்கெல்லாம் மறுபடி பின்முற்றத்துக்கு. வெல்டரை மெத்தையோடு தூக்கிப் போனோம். சரக்குக்குக் காவலாகத் தங்கை அங்கே உட்கார்ந்தாள். மாப்பிள்ளை விளக்கை அணைத்தார், தரையில் தூசியைத் தூவினார், கிழிந்த தலையணை ஒன்றை நடுவில் போட்டார்.

"மச்சான், கொஞ்சம் சோகமா உட்காருங்க."

எனக்குச் சோகம் வராது. முயற்சி செய்தேன். வண்டி வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஓர் அம்மா, கையில் கோப்போடு இறங்கி உள்ளே வந்து, மெத்தை தலையணை எப்படி என்று கேட்டார். மாப்பிள்ளைக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அப்படியொரு நடிப்பை நான் பார்த்ததில்லை. இந்தக் கடையில் வாங்கியவர்கள் இரண்டாம் முறை வந்ததில்லை என்றார். தலையணை கல் மாதிரி இருக்கும், மெத்தையில் படுத்தவர் நிமிர ஒரு வாரம் ஆகும், சொன்ன நாளில் சரக்குக் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை என்றார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப வேற யாருகிட்ட வாங்கினா நல்லா இருக்கும்?"

"எங்களைத் தவிர யாருகிட்ட வேணும்னாலும் வாங்கலாம்மா" என்றார் மாப்பிள்ளை, விம்மலோடு.

நன்றி சொல்லிவிட்டு அந்த அம்மா வண்டியில் ஏறினார். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உருகிவிட்டார்கள் மச்சான், இது கிடைத்த மாதிரிதான் என்றார். நானும் தலையாட்டினேன், இரும்பைத் தட்டினால் எந்தத் தரம் என்று சொல்லிவிடுவேன், அதிகாரிகள் அப்படி ஓசை தருவதில்லையே. அப்போது பின்கதவு வழியாகத் தங்கை வந்தாள், மார்போடு அணைத்த புதுத் தலையணையோடு.

"ஏங்க, வண்டிச் சத்தம் கேட்டுச்சே. விடுதி அம்மா வந்தாங்களா?"

அறையில் தூசி இறங்கும் சத்தம் கேட்டது.

என் தங்கை தலையணையைக் கீழே வைக்கவில்லை. மாப்பிள்ளை காலைத் தாண்டி, கிழிந்த தலையணையைத் தாண்டி, தெருவில் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன், எனக்கு மூச்சு வாங்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரு முனையில் ஒரு லாரி குறுக்கே நின்றதால் வண்டி சிக்கியிருந்தது. தலையணையை ஜன்னல் வழியாக அந்த அம்மாவின் மடியில் வைத்தாள்.

"பேச்சு வேணாம்மா. கன்னத்தை வச்சுப் பாருங்க."

அந்த அம்மா வைத்தார். லாரி நகர்ந்த பிறகும் எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"உள்ளே ஒருத்தர் அழுதாரே, அவரு யாரு?"

"பஞ்சு திணிக்கிறவரு. திணிக்கிறப்ப பேச மாட்டாரு."

அவர் பேசக் கூடாது என்ற அந்த ஒப்பந்தத்தோடு வேலை கிடைத்தது. முன்பணமும் கிடைத்தது. நாங்கள் கடைக்குத் திரும்பி, விளக்கைப் போட்டு, தூசியைப் பெருக்கி, சரக்கை உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தபோது நிஜமான மூன்றாவது அதிகாரி வந்தார். தங்கை சிரித்த முகமாக வெட்டுத் துணியை அளந்துகொண்டிருந்தாள். அவர் கடையைப் பார்த்தார், குவிந்த மெத்தைகளைப் பார்த்தார், அவற்றின்மேல் இன்னும் தூங்கிக்கொண்டிருந்த வெல்டரைப் பார்த்தார். இது நலிந்த தொழில் இல்லையே என்று ஒரே கோடாக அடித்துவிட்டுப் போனார். மற்ற இருவரும் அவரும் ஒரே அறையில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவர்களாம். காதில் பஞ்சு வைத்த ஆளைப் பற்றிப் பேச்சு வந்ததாம். அந்த இரண்டு கோணங்களும் அன்றே போயின.

மாப்பிள்ளை வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். இப்போது நிஜ அழுகை. பக்கத்தில் உட்கார்ந்து, வேலை கிடைத்துவிட்டதே, கடை நின்றுவிட்டதே, இன்னும் என்ன மாப்பிள்ளை என்று கேட்டேன்.

"நல்லா நலிஞ்சு வந்துச்சு மச்சான். உங்க தங்கச்சி ஆர்டர் பிடிச்சுக் கெடுத்துட்டா."

இப்போது அவர் பேசாமல் பஞ்சு திணிக்கிறார். கழுத்து அட்டையைத் தங்கை கத்தரித்து, விடுதி மெத்தைகளுக்கு எண் ஒட்டிவிட்டாள்.

நீங்கள் இதுவரை சிரித்தீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். நலிந்த தொழிலுக்கு மறுவாழ்வு என்று ஒன்று சொன்னேனே, அந்த இடத்தில், அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறதா, இருந்தால் எந்த ஜன்னல் என்று உங்கள் மனசு ஒரு கணம் நிற்கவில்லையா? நின்றதா? சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்கள். போட்டோ இருக்கும்.

அதைப் போன மாதமே மூடிவிட்டார்கள்.