பேபி, துண்டு இல்லை

பிரிக்ஃபீல்ட்ஸ் ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நின்ற கார்த்திகேசு, துண்டு கேட்டு வந்த எழுபது வயது வெள்ளைக்கார அம்மாளிடம் பவ்வியமாகச் சொன்னார்: "பேபி, வீ ஏய்ன்ட் காட் நோ டவல்."

அம்மாள் கண்ணை அகல விரித்தார். மேனேஜர் கௌசல்யா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவர் கார்த்திகேசு. முதுகுவலி வந்து இறங்கிவிட்டார். அவருடைய இங்கிலீஷ் முழுவதும் லோரி ரேடியோவில் கேட்ட பாட்டுகள்தான். இந்த மாதம் ஒப்பேற்றிவிட்டால் ஹோட்டல் வேலை நிரந்தரம்.

"கெஸ்ட்டை யாராச்சும் பேபின்னு கூப்பிடுவாங்களா அண்ணே?"

"பாட்டுல எல்லாரையும் அப்படித்தானே கூப்பிடுறாங்க மேடம்? மரியாதைன்னு நெனச்சேன்."

"மொதல்ல அந்தக் காதல் பாட்ட விடுங்க. வேற பாட்டு கேளுங்க லா."

அங்கேதான் கௌசல்யா கோட்டை விட்டாள். பாட்டையே விடச் சொல்லியிருக்க வேண்டும்.

கார்த்திகேசு சோகப் பாட்டுக்கு மாறினார். மறுநாள் அம்மாள் வந்து லிஃப்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். கார்த்திகேசு நெஞ்சில் கை வைத்தார். "இட் டன் லெஃப்ட் மீ. இட் டோன்ட் லவ் நோபடி நோ மோர்." லிஃப்ட் அவரை விட்டுப் போய்விட்டதாம், இனி யாரையும் காதலிக்காதாம்.

பாட்டில் இரண்டு தடவை வரும் என்பதால் இவரும் இரண்டு தடவை சொன்னார். அம்மாள் கைப்பேசியை நீட்டி, "ஒன்ஸ் மோர், ப்ளீஸ்" என்றார். சந்தோஷமாக இன்னொரு தடவையும் சொன்னார்.

"ரெக்கார்ட் பண்றாங்க அண்ணே! நேரா முதலாளிகிட்ட போகும். உங்க வேலையோட என் வேலையும் சேர்ந்து போகும்!"

கார்த்திகேசு தலையில் கை வைத்துக்கொண்டார். "வேலை நிரந்தரம் ஆயிடுச்சுன்னு என் வீட்டுக்காரி குமுதாகிட்ட சொல்லிட்டேனே மேடம்!"

இனிக் காதலும் வேண்டாம், சோகமும் வேண்டாம் என்று ராப் பாட்டுக்குத் தாவினார். சாயங்காலம் அம்மாள் வந்து, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றார். கார்த்திகேசு இரண்டு கையையும் வீசினார்.

"யோ! வாட்டர் டோன்ட் கம் டில் சிக்ஸ்! வீ டோன்ட் ஃபியர் நோபடி!"

அம்மாள் அதையும் பதிவு செய்துகொண்டு, கண்ணைத் துடைத்தபடி படியேறி ஓடினார்.

"வயசானவங்கள அழ வச்சிட்டீங்களே! வாங்க, கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேட்போம்."

இருவரும் மூச்சிரைக்க மூன்றாம் மாடிக்கு ஏறினார்கள். கார்த்திகேசு கதவைத் தட்டக் கையை உயர்த்தினார். அறைகளைக் கூட்டித் துடைக்கும் வீரம்மா ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டாதீங்கண்ணே! அந்த ஆன்டி அவங்க ஊருல பெரிய பாட்டு எழுதுறவங்களாம், ஒரு வருஷமா ஒரு வரியும் வராம தவிச்சவங்க, நீங்க சொன்னதையெல்லாம் வச்சு உள்ள கித்தார் வாசிச்சுப் பாடிக்கிட்டு இருக்காங்க லா!"